சொட்டு நின்றுபோன கீசர்

கீசர் சொட்டுகிறது என்று யாராவது போன் செய்தால் பதறாதீர்கள். எங்கே சொட்டுகிறது, எப்போது சொட்டுகிறது என்று கேளுங்கள். "சூடேறும்போது மட்டும், அடியில் இருக்கும் வால்விலிருந்து" என்று பதில் வந்தால் கையில் இருக்கும் டீயைக் குடித்து முடித்துவிட்டே கிளம்பலாம். ஆனால் "முன்னாடி சொட்டிக்கொண்டிருந்தது, நல்லவேளை, இப்போது நின்றுவிட்டது" என்று யாராவது சந்தோஷமாகச் சொன்னால், டீயை அப்படியே வைத்துவிட்டு ஓடுங்கள். நான் ஒருமுறை ஓடியிருக்கிறேன். அதுவும் வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு, விருந்துக்குப் போன இடத்தில்.

இந்த மலையில் குளியலறை குளியலறையாக ஏறி இறங்கியே என் காலம் போய்விட்டது. இப்போது முழங்கால் ஒத்துழைப்பதில்லை. அதனால் ஏணி ஏறுகிற வேலையை உங்களிடம் விட்டுவிட்டு, வாய் வேலையை மட்டும் நான் வைத்துக்கொண்டிருக்கிறேன். பைப்புக்கு எப்படி நூல் சுற்றுவது, தெர்மோஸ்டாட்டை எப்படி மாற்றுவது என்றெல்லாம் என்னிடம் கேட்காதீர்கள். நாலு முறை கையில் சூடு பட்டால் அதெல்லாம் தானாக வந்துவிடும். ஒரு சிக்கலின் நடுவே நிற்கும்போது எதை முதலில் செய்வது, எதைச் செய்யாமல் விடுவது என்பதுதான் யாரும் சொல்லித் தராத விஷயம். அதைப் பற்றித்தான் இது.

பச்சைத் தேயிலைக்கு விலையே இல்லாமல் போன வருடங்கள் அவை. பறிக்கிற கூலிக்குக்கூடக் கட்டவில்லை என்று பல பேர் செடியை வேரோடு பிடுங்கிவிட்டு கேரட்டும் முட்டைக்கோசும் போட்டார்கள். பிடுங்கிய தேயிலைக் கட்டை ஊரெல்லாம் குவிந்து கிடந்தது. அதைச் சீவிக் கைத்தடி செய்தார்கள், டீபாய்க்குக் கால் செய்தார்கள், டூரிஸ்ட்டுக்கு விற்கிற பொம்மை செய்தார்கள். அவ்வளவு கெட்டியான கட்டை இந்த மலையில் வேறு கிடையாது. உடையாது, தண்ணீரில் போட்டால் இன்னும் இறுகும். இதை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள், கதை முடிவதற்குள் தேவைப்படும்.

பங்களா வைத்திருந்தவர்கள் எல்லாம் அதை கெஸ்ட் ஹவுஸ் ஆக்கினார்கள். கெஸ்ட் ஹவுஸ் என்றால் ரூமுக்கு ஒரு கீசர். தேயிலைக்கு விழுந்த விலை எனக்கு வேலையாக வந்தது. ஊரே தலையில் கை வைத்துக்கொண்டிருந்த நேரத்தில் நான் ஸ்கூட்டர் வாங்கினேன். சொல்லக் கொஞ்சம் கூச்சமாகத்தான் இருக்கிறது.

ஊட்டிக்குப் பக்கத்தில் எமரால்டில் ஒரு எஸ்டேட். அதன் சொந்தக்காரர் ரங்கநாயகி அம்மா. கோயமுத்தூரிலிருந்து கல்யாணமாகி மலைக்கு வந்தவர், கணவர் போன பிறகு தனியாக எஸ்டேட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார். விலை விழுந்ததும் அவர்களுடைய சின்ன டீ ஃபேக்டரியை மூட வேண்டியதாயிற்று. எஸ்டேட்டை அப்படியே வாங்கிக்கொள்ள ஒருவர் தயாராக இருந்தார். அவருக்குத் தேயிலையும் வேண்டாம், லைன் வீடுகளில் இருந்த தொழிலாளர் குடும்பங்களும் வேண்டாம், நிலம் மட்டும் போதும். அம்மாவுக்கு அதில் விருப்பமில்லை. பங்களாவில் நாலு ரூமைச் சரிபண்ணி விருந்தினர் தங்க விட்டு, அந்த வருமானத்தில் லைன் ஆட்களைக் காப்பாற்றிவிடலாம் என்று நினைத்தார். கொழுந்து பறித்துக்கொண்டிருந்த பெண்கள் பெட்ஷீட் விரிக்கக் கற்றுக்கொண்டார்கள்.

ஃபேக்டரியில் டீ மேக்கராக இருந்த சாமுவேல் கெஸ்ட் ஹவுஸுக்கு மேனேஜர் ஆனார். டீ மேக்கர் என்றால் இலை ஃபேக்டரிக்குள் வந்ததிலிருந்து தூளாகி வெளியே போகிறவரை அதற்குப் பொறுப்பாளி. வாழ்நாள் முழுக்க ஈரத்தோடு சண்டை போட்டவர். காய்ந்த தூளின் மேல் ஒரு சொட்டுத் தண்ணீர் விழுந்தால் அவருக்கு அன்றைக்குச் சோறு இறங்காது. அந்த மூக்கையும் அந்தக் கோபத்தையும் அப்படியே பங்களாவுக்குக் கொண்டுவந்துவிட்டார். துண்டுகளை முகர்ந்து பார்த்து முதல் கிரேடு, இரண்டாம் கிரேடு, டஸ்ட் என்று மூன்று அடுக்காகப் பிரித்து வைத்திருந்தார். டஸ்ட் கிரேடு துண்டு என் போன்றவர்கள் கை துடைக்க.

அந்த பங்களாவில் முன்பு விறகு பாய்லர் இருந்தது. மேட்டிலிருந்த தொட்டியிலிருந்து தண்ணீர் தானாக இறங்கும். சூடாகிப் பெருத்தால் வந்த வழியே தொட்டிக்குத் திரும்பிவிடும். யாரும் அதைக் கவனித்ததுகூட இல்லை. ஆனால் மலைக்குக் கீழே சமவெளியிலிருந்து வருகிறவர்களுக்கு ஷவரில் தண்ணீர் அடித்து ஊற்ற வேண்டும். அதனால் பம்பு வைத்தோம், ஒவ்வொரு கீசருக்கும் அடியில் தண்ணீரைத் திரும்ப விடாத வால்வு வைத்தோம். இப்போது தண்ணீர் உள்ளே போகலாம், பெருத்தால் திரும்பி வர முடியாது. கல்யாணச் சாப்பாடு சாப்பிட்டவன் இடுப்பு பெல்ட்டைக் கொஞ்சம் தளர்த்தத்தானே வேண்டும்? அதற்குத்தான் அந்த வால்விலேயே ஒரு சின்ன வாய் வைத்திருக்கிறார்கள். அழுத்தம் அதிகமானால் அது திறந்து, பெருத்த தண்ணீரைச் சொட்டு சொட்டாக வெளியே விடும்.

"அம்மா, உள்ளே ரப்பர் பை வெச்ச சின்ன டேங்க் ஒண்ணு வருது. பெருக்கற தண்ணி அதுக்குள்ள போய் ஒதுங்கிக்கும், சொட்டவே சொட்டாது" என்று நான் சொல்லிப் பார்த்தேன்.

"மொதல்ல ஆளுக வரட்டுமுங்க. அப்புறம் டேங்கு வெக்கலாம்" என்றார் அம்மா.

நியாயமான பதில்தான். வால்வு மட்டுமே போதும், சொட்டும், அவ்வளவுதான். நாலு வால்விலிருந்தும் இரும்புப் பைப் இழுத்து, பின்சுவருக்கு வெளியே சாக்கடைக்கு மேலே வரிசையாக விட்டேன். சாமுவேலைக் கூப்பிட்டு, "கீசர் போட்டா இதுல சொட்டும். அது அப்படித்தான்" என்று சொல்லிவிட்டு வந்தேன். அவர் அந்த நாலு பைப்பையும் பார்த்த பார்வை எனக்கு அப்போதே பிடிக்கவில்லை. வீட்டுக்கு வந்த மாப்பிள்ளை நாலு பேரும் குடிகாரர்கள் என்று தெரிந்த மாமனாரின் பார்வை அது.

அதற்குப் பிறகு வந்தவர்தான் குமரேசன். கோயமுத்தூரில் டிராவல்ஸ் வைத்திருந்தவர். ஊட்டிக்கு பஸ் பஸ்ஸாக ஆட்களை அனுப்புகிறவர். அவர் ஒரு சனிக்கிழமை வந்து தங்கிப் பார்த்து 'சரி' என்று சொல்லிவிட்டால், வருகிற சீசனில் அவருடைய ஆட்கள் எல்லாம் இங்கேதான். 'சரிப்படாது' என்றால் அம்மா எஸ்டேட்டை விற்றுவிட்டு ஊருக்குத் திரும்ப வேண்டியதுதான். இது லைன் வீடுகளில் இருந்த சின்னக் குழந்தைக்குக்கூடத் தெரியும். அன்றைக்கு மத்தியான விருந்துக்கு என்னையும் வரச் சொல்லியிருந்தார் அம்மா. கீசர் போட்டவன் என்ற மரியாதை. நான் குளித்து, வெள்ளைச் சட்டை போட்டு, ஸ்பேனர் பையை வீட்டிலேயே விட்டுவிட்டுப் போனேன். இனிமேல் நீங்கள் கல்யாண வீட்டுக்குப் போனாலும் ஒரு ஹேக்சா பிளேடாவது பையில் வைத்துக்கொள்ளுங்கள். சும்மா சொல்லவில்லை.

ஸ்கூட்டரை நிறுத்திவிட்டுப் பின்பக்கமாக வந்தேன். என் நாலு பைப்பும் சுவரில் வரிசையாக இருந்தன. அதில் ஒன்றிலும் ஈரமில்லை. சரி, யாரும் இன்னும் கீசர் போடவில்லை போல என்று நினைத்துக்கொண்டே கிட்டப் போனேன். நாலு பைப்பின் வாயிலும் பழுப்பாக ஏதோ வட்டமாகத் தெரிந்தது. தொட்டுப் பார்த்தேன். கட்டை. பைப் வாயோடு வாயாக, நகம்கூட நுழையாதபடி சீவி, மழமழவென்று தேய்த்துவிட்டிருந்தது.

சாமுவேல் கோட்டு போட்டுக்கொண்டு எதிரே வந்தார். முகமெல்லாம் சிரிப்பு.

"பாத்தீங்களா சார்? ஒரு சொட்டு இல்ல. தேயிலை வேருங்க. ராத்திரியே ஊற வெச்சு, காலைல அடிச்சுட்டேன். பாலிஷ் கூடப் போட்டிருக்கேனுங்க."

"சாமுவேல், இப்ப எந்த ரூம்ல கீசர் ஓடுது?"

"ஒண்ணாம் நம்பர்லீங்க. குமரேசன் சார் எண்ணெய் தேச்சுட்டு உள்ள உக்காந்திருக்கார். தண்ணி நல்லாக் காயணும்னு சொன்னார், அதான் குமிழக் கடைசி வரைக்கும் திருப்பி விட்டிருக்கேன். ரொம்ப நேரமா ஓடுதுங்க."

எண்ணெய் தேய்த்தவர் தண்ணீரைத் திறக்க மாட்டார். எண்ணெய் ஊறுகிறவரை ஸ்டூலில் உட்கார்ந்து தொடையைத் தட்டிக்கொண்டிருப்பார். தண்ணீரும் அதே நேரத்தில் காய்ந்துகொண்டே, பெருத்துக்கொண்டே இருக்கும். குழாயும் மூடி, வால்வின் வாயும் மூடி. அந்த ஸ்டூலை கீசருக்கு நேர் கீழே போட்டது யார் என்று எனக்குத் தெரியும். நான்தான் போடச் சொன்னேன், வாளி கைக்கு எட்டட்டும் என்று.

"நீங்க சொட்டும்னு சொன்னீங்க சார்" என்றார் சாமுவேல், என் முகத்தைப் பார்த்துவிட்டு. "நிறுத்தக் கூடாதுன்னு சொல்லலீங்களே."

இந்த ஒரு வரியை நீங்கள் ஃபிரேம் போட்டுக் கடையில் மாட்டிக்கொள்ளலாம். எது சகஜம் என்று சொன்னால் மட்டும் போதாது, எதைச் செய்தால் கெட்டுவிடும் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். இரண்டாவதைச் சொல்லாவிட்டால், நல்ல மனதும் சீவுகிற கத்தியும் உள்ள ஒருவர் எல்லா ஊரிலும் இருக்கிறார்.

அந்த நேரத்தில் கை தானாகக் கட்டையைப் பிடுங்கத்தான் போயிற்று. பிடிக்க இடமே இல்லை. டீ மேக்கர் வேலை சுத்தம். பைப்பை அறுக்கலாம், ஆனால் அது இரும்பு, என்னிடம் இருந்தது ஒரு கர்ச்சீப். முதல் வேலை சூடேறுவதை நிறுத்துவது. சமையலறைக்கு ஓடி மெயின் சுவிட்சை இறக்கினேன்; இனி சூடு ஏறாது, ஆனால் அதுவரை ஏறிய அழுத்தம் உள்ளேயேதான் நிற்கும். ரங்கநாயகி அம்மா மிக்சியில் தேங்காய்ச் சட்னி ஓட்டிக்கொண்டிருந்தார். மிக்சி முனகி நின்றது.

"ஏனுங்க, என்னாச்சு?"

சொன்னேன். சுருக்கமாகத்தான் சொன்னேன். அம்மா கையிலிருந்த கரண்டியைக் கீழே வைத்துவிட்டு, "அவர்கிட்ட வெடிக்கும்னு மட்டும் சொல்லிப்போடாதீங்க" என்றார். "அந்த வார்த்தை காதுல விழுந்தா அவரு பஸ்ஸு இந்தப் பக்கம் திரும்பாதுங்க. அதே நேரத்துல ஆளுக்கு ஒண்ணும் ஆகவும் கூடாது."

இரண்டும் ஒரே மூச்சில். நான் ஒன்றாம் நம்பர் கதவைத் தட்டினேன். சாமுவேல் பின்னாலேயே வந்தார். கோட்டுப் பொத்தானை மாற்றி மாற்றிப் போட்டுக்கொண்டிருந்தார்.

"சார், கொஞ்சம் வெளிய வர முடியுங்களா?"

"கரண்ட் போயிருச்சுங்களே" என்று உள்ளேயிருந்து குரல் வந்தது. நல்ல நிம்மதியான குரல். "பரவால்லீங்க, வரட்டும். எண்ணெய் இன்னுங்கொஞ்சம் ஊறட்டும்."

"பைப்புல ஒரு சின்ன வேலைங்க சார்."

"குளிச்சதுக்கப்புறம் பாத்துக்கலாமுங்க."

நீங்கள் கேட்கலாம், உள்ளே இருக்கிறவரையே சுடுதண்ணீர்க் குழாயைத் திறக்கச் சொன்னால் அழுத்தம் இறங்கிவிடாதா என்று. இறங்கும். ஆனால் தெர்மோஸ்டாட் வேலை செய்கிறதா, இல்லை ஒட்டிக்கொண்டுவிட்டதா என்று கதவுக்கு வெளியே நிற்கிற எனக்கு எப்படித் தெரியும்? ஒட்டியிருந்தால் குழாயில் தண்ணீர் வராது, ஆவி வரும். உடம்பெல்லாம் எண்ணெயோடு இருக்கிற ஒருவரின் முகத்தில் அதை அடிக்கவிட முடியாது. ஆளை வெளியே எடு, பொருளை அப்படியே விடு, ஆறட்டும். இதுதான் சரி என்று முடிவு செய்தேன். முடிவு செய்வது சுலபம். எண்ணெய் தேய்த்துக்கொண்ட கோயமுத்தூர்க்காரரை ஸ்டூலிலிருந்து எழுப்புவதுதான் கஷ்டம்.

அவர் காலையில் வந்ததிலிருந்து ஒரே ஒரு குறைதான் சொல்லிக்கொண்டிருந்தார் என்று சாமுவேல் வரும் வழியில் சொல்லியிருந்தார். காட்டுமாடு பார்க்கலாம் என்று கூட்டிவந்தீர்கள், ஒரு வாலைக்கூடக் காணோமே என்று. எனக்கு வேறு வழி தெரியவில்லை.

"சார், காட்டுமாடு வந்திருக்குதுங்க! பங்களா வாசல்லயே நிக்குது!"

உள்ளே ஸ்டூல் நகரும் சத்தம் கேட்டது. பிறகு சந்தேகம்.

"நெசமாவா? சாமுவேலு, நெசமாவா?"

சாமுவேல் ஞாயிறு தவறாமல் கோயிலில் பாட்டு நடத்துகிறவர். பொய் சொல்லி நான் கேட்டதில்லை. அவர் என்னைப் பார்த்தார், மேலே பார்த்தார், கண்ணை மூடிக்கொண்டார்.

"கர்த்தருக்குச் சித்தமிருந்தா நிக்குமுங்க சார்!"

கதவு திறந்தது. இடுப்பில் முதல் கிரேடு துண்டு, தலையிலிருந்து கால்வரை நல்லெண்ணெய், கையில் கேமரா. அந்தக் குளிரில் குமரேசன் எங்களைத் தாண்டி வாசலுக்கு ஓடினார். எண்ணெய்க் கால் தரையில் வழுக்க, நானும் சாமுவேலும் ஆளுக்கொரு முழங்கையைப் பிடித்துக்கொண்டோம். பிடி நிற்கவில்லை, அவர் எங்கள் கையிலிருந்து நழுவி நழுவிப் போனார். என் வெள்ளைச் சட்டை அத்தோடு போயிற்று.

வாசலில் புல்வெளி இருந்தது, ரோஜாச் செடி இருந்தது, தோட்டத்துக்குக் கீழே பனி ஏறிக்கொண்டிருந்தது. காட்டுமாடு மட்டும் இல்லை.

"எங்கீங்க?"

நான் தூரத்தில் ஒரு புதரைக் காட்டினேன். அவர் கேமராவைக் கண்ணில் வைத்து அந்தப் புதரையே பார்த்தார். சாமுவேலும் பார்த்தார், ஒருவேளை ஜெபம் கேட்கப்பட்டிருக்குமோ என்று. குமரேசன் கேமராவை இறக்கி, மெதுவாக என் பக்கம் திரும்பினார்.

"என்னை வெச்சு வெளையாடறீங்களா?"

அப்போதுதான் உள்ளே 'டம்' என்றது. கூரையிலிருந்த காக்காய் எல்லாம் எழும்பின. பிறகு தண்ணீர் பீய்ச்சி அடிக்கும் சத்தம். சமையலறையில் ஒரு பாத்திரம் விழுந்தது. ஒன்றாம் நம்பர் ஜன்னல் வழியாக வெள்ளையாக ஆவி வந்தது.

நாங்கள் போய்க் குளியலறை வாசற்படியிலிருந்தே எட்டிப் பார்த்தோம். கீசரின் அடி இணைப்பு பிய்ந்து, அதிலிருந்து சுடுதண்ணீர் நேராக ஸ்டூலின் மேல் கொட்டிக்கொண்டிருந்தது. ஸ்டூலின் பிளாஸ்டிக் கொஞ்சம் நெளிந்திருந்தது. பக்கத்தில் சீயக்காய்க் கிண்ணம் கவிழ்ந்து கிடந்தது. குமரேசன் அந்த ஸ்டூலைப் பார்த்தார், தன் தொடையைப் பார்த்தார், மறுபடி ஸ்டூலைப் பார்த்தார்.

பிறகு அவருக்குக் குரல் வந்தது. மொத்தமாக வந்தது.

"டிரைவரக் கூப்புடுங்க! கார எடுக்கச் சொல்லுங்க! இந்த ஊட்டுக்கு நான் ஆளு அனுப்பணுமா? பொண்டு புள்ளைகளோட வர்ற சனமுங்க அது! தீர்ந்து போச்சு, நீங்க வித்துப்போட்டுப் போங்க!"

ரங்கநாயகி அம்மா ஹாலில் நின்றுகொண்டிருந்தார். முந்தானையில் தேங்காய்ச் சட்னி. அவர் ஒன்றும் வாதாடவில்லை. "சரிங்க" என்றார். அந்த ஒரு 'சரிங்க' எனக்குத் தாங்கவில்லை. லைன் வீடுகளின் கூரை எல்லாம் ஒன்றாக இறங்கியது போல இருந்தது. இத்தனைக்கும் அது என் எஸ்டேட் இல்லை.

சாமுவேல் முன்னால் வந்தார். கோட்டுப் பொத்தான் எல்லாம் ஒரு கண் தள்ளிப் போட்டிருந்தது.

"சார், அம்மா மேல தப்பில்லீங்க. கீசர் போட்ட இவர் மேலயும் தப்பில்ல. சொட்டுச்சுங்க. எனக்குத் தண்ணி சொட்டினா ஆகாது. நான்தான் தேயிலைக் கட்டைய வெச்சு அடைச்சுட்டேன்." பிறகு, "மத்த மூணுலயும் அடைச்சிருக்கேனுங்க. அதையும் சொல்லிடறேன்" என்றார்.

குமரேசன் வாயைத் திறந்தார். திட்டு வரப் போகிறது என்று நாங்கள் எல்லோரும் தோளைக் குறுக்கிக்கொண்டோம். திட்டு வரவில்லை.

"சொட்டறத அடைச்சா வெடிக்குமுங்களா?" என்றார். குரல் இறங்கிவிட்டிருந்தது.

"சூடான தண்ணி பெருக்குமுங்க சார்" என்றேன் நான். "அதுக்குப் போக ஒரு வழி வேணும். அந்தச் சொட்டுதான் வழி, இல்லைன்னா ரப்பர் பை வெச்ச சின்ன டேங்க் ஒண்ணு வேணும். அத மூடிட்டா, எது பலமில்லாம இருக்குதோ அது பிச்சுக்கும்."

"எந்தக் கீசரா இருந்தாலுமா?"

"இந்த மாதிரி வால்வு இருந்தா எதுவா இருந்தாலும்."

அவர் முகத்தில் எண்ணெய்க்கு அடியிலேயே நிறம் மாறியது. "போன் எங்கீங்க?" என்று கேட்டார். கேட்டதற்குப் பதில் வருவதற்குள் ஹால் மூலையிலிருந்த போனிடம் ஓடிவிட்டார். விரல் வழுக்கி எண் தவறிப் போயிற்று. திரும்பப் போட்டார். மறுமுனையில் மணி அடித்துக்கொண்டே இருந்தது. எண்ணெய் அவருடைய முழங்கை வழியாக அம்மாவின் கார்ப்பெட்டில் சொட்டியது. சாமுவேல் அதைப் பார்த்தும் ஒன்றும் சொல்லவில்லை. அவர் வாழ்க்கையில் சொட்டைப் பார்த்துச் சும்மா இருந்தது அன்றைக்குத்தான்.

"பானு! கீசர் சுவிட்ச அமத்து! அட, மொதல்ல அமத்திட்டு வந்து பேசு!... அமத்தியாச்சா? அப்பா எங்க?"

அவருடைய மனைவியின் குரல் எங்களுக்கே கேட்டது. கணீரென்ற குரல். "மாமா எண்ணெய் தேச்சுட்டு பாத்ரூம்ல உக்காந்துட்டு இருக்காருங்க. இன்னைக்குச் சனிக்கிழமை இல்லீங்களா?"

"வெளிய கூட்டிட்டு வா! ஒடனே!"

"அவருக்குத்தான் காது கேக்காதுங்களே. கதவு தாப்பா போட்டிருக்குது."

"கதவ ஒடை!"

"எதுக்குங்க?"

"பானு, கேள்வி கேக்காத. பக்கத்து ஊட்டுப் பசங்களக் கூப்புட்டுக் கதவ ஒடை!"

மறுமுனையில் ரிசீவரை வைத்துவிட்டு ஓடும் சத்தம் கேட்டது. குமரேசன் போனைக் காதில் அழுத்திக்கொண்டு நின்றார். எங்கள் பக்கம் திரும்பாமலே பேசினார். குளியலறைத் தரை எப்போதும் ஈரமாக இருக்கிறதே, அப்பா வழுக்கி விழுந்துவிடுவாரே என்று, நேற்று சாயந்திரம் அவரே கடையில் வாயை மூடுகிற பித்தளை பிளக் ஒன்று வாங்கி வால்வில் முறுக்கிவிட்டாராம். அப்பாவுக்காகத்தான் செய்தேன், அப்பாவுக்காகத்தான் செய்தேன் என்று இரண்டு தடவை சொன்னார். ரங்கநாயகி அம்மா ஒரு போர்வையைக் கொண்டுவந்து அவர் தோளில் போர்த்தினார். அது அவருக்குத் தெரிந்ததா என்றுகூட எனக்குத் தெரியவில்லை.

நான் பார்த்த வேலைகளிலேயே நீளமானது அந்தக் காத்திருப்புதான். கையில் ஸ்பேனர் இருந்து செய்ய ஏதாவது இருந்தால் பயம் அடங்கிவிடும். எங்கோ மலைக்குக் கீழே, பார்த்தே இராத ஒரு குளியலறையில், பார்த்தே இராத ஒரு கிழவருக்காக நாலு பேர் மூச்சை அடக்கிக்கொண்டு நின்றோம். சாமுவேல் முணுமுணுவென்று ஜெபித்துக்கொண்டிருந்தார். இந்த முறை காட்டுமாடு கேட்கவில்லை.

போனில் மரம் பிளக்கும் சத்தம் கேட்டது. பலர் சேர்ந்து கத்தினார்கள். பிறகு எல்லாவற்றையும் அடக்கிக்கொண்டு ஒரு கிழக் குரல் எழுந்தது. காது கேளாதவர்கள் பேசுவதுபோல வீடே அதிரும் குரல்.

"எந்த வெளங்காதவன்டா கதவ ஒடைச்சது? மனுசன் ஊட்டுக்குள்ள நிம்மதியா எண்ணெய் தேச்சுக் குளிக்க முடியுதா? அவன் வரட்டும் ஊட்டியிலருந்து, அவனப் பேசிக்கறேன்!"

அந்தத் திட்டைக் கேட்டதும் குமரேசன் அழுதுவிட்டார். சத்தம் போட்டு, போனைப் பிடித்துக்கொண்டே அழுதார். "திட்டுங்கப்பா, திட்டுங்க" என்றார். அப்பாவுக்கு அது கேட்டிருக்காது. இன்னும் கொஞ்ச நேரம் திட்டிக்கொண்டிருந்தார். மனைவியிடம், கீசர் நன்றாக ஆறுகிறவரை அந்தப் பக்கமே யாரும் போகக் கூடாது, ஆள் வந்து பார்க்கிறவரை சுவிட்சைத் தொடக் கூடாது என்று நான் போனை வாங்கிச் சொன்னேன். எதைச் செய்யக் கூடாது என்பதையும் சேர்த்துச் சொல்ல அதற்குள் கற்றுக்கொண்டிருந்தேன்.

குமரேசன் போனை வைத்துவிட்டுத் தரையிலேயே உட்கார்ந்துகொண்டார். போர்வையால் முகத்தைத் துடைத்தார், எண்ணெயும் கண்ணீரும் சேர்ந்து வந்தன. சாமுவேல் எதிரே நின்றார். ஒரே தப்பைச் செய்த இரண்டு பேர், ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"நீங்க கட்டையில அடிச்சீங்க" என்றார் குமரேசன். "நான் பித்தளையில முறுக்கினேன். வேற என்னங்க வித்தியாசம்."

"கட்டை கொஞ்சம் இறுக்கமா நிக்குமுங்க சார்" என்றார் சாமுவேல். உண்மையைச் சொல்லாமல் அவரால் இருக்க முடியாது.

வெளியே டிரைவர் காரைக் கொண்டுவந்து நிறுத்தி ஹாரன் அடித்தார். யாரும் எழவில்லை. ரங்கநாயகி அம்மாதான் கேட்டார். சுற்றி வளைக்காமல் நேராகவே கேட்டார்.

"சாப்புட்டுப் போட்டுக் கெளம்புங்க. எங்க விசயம் என்னன்னு மட்டும் சொல்லிப்போடுங்க. விக்கறதுன்னா நாளைக்கே பேசோணும்."

"என்னங்க அம்மா இப்படிக் கேக்கறீங்க?" என்றார் குமரேசன். "உங்க ஊட்டுல வெடிச்சதுனாலதானுங்க எங்க ஊட்டுல வெடிக்கல. நான் வேற எங்கீங்க ஆளு அனுப்புவேன்?" பிறகு என்னைக் காட்டி, "இவரு சொல்ற அந்த டேங்க மொதல்ல வெச்சுப்போடுங்க. எங்க ஊட்டுக்கும் ஒண்ணு சேத்தி வாங்கச் சொல்லுங்க" என்றார்.

அம்மா பக்கத்திலிருந்த நாற்காலியை இழுத்து உட்கார்ந்தார். தேயிலைக்கு விலை விழுந்ததிலிருந்து அந்த வீட்டுக்கு எத்தனையோ முறை போயிருக்கிறேன், அந்த அம்மா உட்கார்ந்து நான் பார்த்தது அன்றைக்குத்தான்.